திரையில் வெடித்த துப்பாக்கி எந்த ஆண்டைச் சேர்ந்தது?

போர்க் காட்சிகள் நிறைந்த ஒரு திரைப்படத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். கதை நடப்பது 1879ஆம் ஆண்டில். செந்நிறச் சட்டை அணிந்த சிப்பாய்கள், சோள மூட்டைகளை அடுக்கி எழுப்பிய சுவருக்குப் பின்னால் நின்று சுடுகிறார்கள். முன்வரிசையில் நிற்பவர் ஒவ்வொரு முறை சுட்டதும் துப்பாக்கியின் அடியில் உள்ள ஒரு கைப்பிடியைக் கீழே தள்ளி, புதிய தோட்டாவை வைத்து, மீண்டும் மேலே இழுக்கிறார். தொலைவில், பின்வரிசையில் நிற்கும் சிலருடைய துப்பாக்கிகளிலோ அத்தகைய கைப்பிடி இல்லை. அதற்குப் பதிலாகக் கதவின் தாழ்ப்பாளைப் போன்ற ஒரு குமிழ் வலப்பக்கம் துருத்திக்கொண்டு நிற்கிறது.

இருவரும் ஒரே படையினர். நடப்பதும் ஒரே சண்டை. ஆனால் பின்வரிசைக்காரரின் கையில் இருப்பது, அந்தச் சண்டை முடிந்து 16 ஆண்டுகள் கழித்துப் படைக்கு வந்த துப்பாக்கி!

'ஒரு குமிழ் மாறிவிட்டால் என்ன குடி முழுகிவிடப் போகிறது?' என்று நீங்கள் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். அதற்கு விடை காண வேண்டுமானால் துப்பாக்கிக்குள் நடைபெறும் வேதியியலையும் இயற்பியலையும் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும்.

படமும் போரும்

நாம் பேசும் படத்தின் பெயர் 'ஜூலு'. சை எண்ட்ஃபீல்டு இயக்கிய இப்படம் 1964இல் வெளிவந்தது. பெரும்பகுதி தென்னாப்பிரிக்காவின் நேட்டால் பகுதியில், டிராக்கன்ஸ்பர்க் மலையடிவாரத்தில் படமாக்கப்பட்டது. லெப்டினன்ட் சார்டாக ஸ்டான்லி பேக்கரும், லெப்டினன்ட் பிராம்ஹெட்டாக மைக்கேல் கெய்னும் நடித்தார்கள்.

படத்தின் கதை உண்மையில் நடந்த ஒரு சண்டையைப் பற்றியது. 1879 ஜனவரியில் பிரிட்டிஷ் படை, மன்னர் செட்ஷ்வாயோ ஆண்ட ஜூலு நாட்டின் மீது படையெடுத்தது. ஜனவரி 22ஆம் நாள் இசாண்ட்ல்வானா என்னுமிடத்தில் ஜூலுப் படை அந்தப் பிரிட்டிஷ் படையின் ஒரு பெரும் பிரிவை முற்றாக அழித்தது. பிரிட்டிஷ் தரப்பில் 1,300 பேருக்கு மேல் மாண்டனர். அன்று மாலையே, அங்கிருந்து ஏறத்தாழ 15 கி.மீ. தொலைவில் எல்லை ஆற்றங்கரையில் இருந்த ரோர்க்ஸ் டிரிஃப்ட் என்ற சிறு நிலையத்தை ஜூலு வீரர்கள் மூவாயிரத்துக்கு மேற்பட்டோர் தாக்கினர். அது மருத்துவமனையாகவும் பண்டசாலையாகவும் பயன்பட்டு வந்த இடம். உள்ளே இருந்தவர்கள், நோயாளிகளையும் சேர்த்து, ஏறத்தாழ 150 பேர். மாலை நாலரை மணியளவில் தொடங்கிய சண்டை மறுநாள் விடியற்காலை வரை நீடித்தது. நிலையம் தப்பியது.

மிகச் சிலர் எப்படி மிகப் பலரைத் தடுத்து நிறுத்தினார்கள்? இந்த வினாவுக்கான விடையில் பெரும்பகுதி இரு தரப்பினரும் ஏந்தியிருந்த துப்பாக்கிகளில் அடங்கியுள்ளது. அதனால்தான் படத்தில் வரும் துப்பாக்கி சரியா, தவறா என்று பார்ப்பது வீண் வேலை ஆகாது.

கருமருந்தும் வெண்புகையும்

முதலில் வெடிமருந்தைப் பார்ப்போம். 1879இல் எல்லாப் படைகளும் பயன்படுத்தியது கருமருந்தையே. நூறு பங்கில் ஏறத்தாழ 75 பங்கு வெடியுப்பு, 15 பங்கு மரக்கரி, 10 பங்கு கந்தகம். இதுதான் அதன் சேர்மானம். வெடியுப்பு என்பது பொட்டாசியம் நைட்ரேட். பிரிட்டன் தனக்கு வேண்டிய வெடியுப்பை நெடுங்காலம் நம் நாட்டின் பீகார், வங்காளப் பகுதிகளிலிருந்தே கொண்டு சென்றது.

கரியும் கந்தகமும் எரிபொருள்கள். அவை எரியத் தேவையான ஆக்சிஜனை வெடியுப்பு தருகிறது. அதனால் நாற்புறமும் மூடிய குழலுக்குள்ளும் மருந்து எரிகிறது. எரியும்போது உண்டாகும் கார்பன் டைஆக்சைடு, நைட்ரஜன் முதலிய வாயுக்கள் விரிந்து குண்டை உந்தித் தள்ளுகின்றன. ஆனால் மருந்து முழுவதும் வாயுவாக மாறிவிடுவதில்லை. எடையில் பாதிக்கும் மேற்பட்ட பகுதி பொட்டாசியம் கார்பனேட், பொட்டாசியம் சல்பேட் போன்ற திண்மப் பொருள்களாகவே எஞ்சுகிறது. இதில் ஒரு பகுதி நுண்துகள்களாக வெளியேறி அடர்ந்த வெண்புகையாகிறது. மற்றொரு பகுதி குழலின் உட்புறத்தில் கசடாகப் படிகிறது. கோயில் திருவிழாவில் அதிர்வேட்டுப் போடும்போது எழும் புகையைப் பார்த்திருக்கிறீர்களா? அதே புகைதான் இது.

இந்தப் புகைக்கு முடிவு கட்டியவர் பால் வியே என்ற பிரெஞ்சு வேதியியலார். அவர் 1884இல் நைட்ரோசெல்லுலோஸிலிருந்து புகையற்ற வெடிமருந்தை உருவாக்கினார். அது எரியும்போது ஏறக்குறைய முழுவதும் வாயுவாக மாறிவிடுகிறது. 1889இல் பிரிட்டனும் 'கார்டைட்' என்ற புகையற்ற மருந்தை உருவாக்கிக்கொண்டது. ஆகவே, 1884க்கு முன் நடந்த போர் எதுவானாலும் அது புகை மண்டலத்துக்குள் நடந்த போர் என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

முன்வரிசைத் துப்பாக்கி

படத்தின் முன்வரிசைச் சிப்பாய்கள் ஏந்தியிருப்பது மார்ட்டினி-ஹென்றி ரைபிள். இது முற்றிலும் சரி. பிரிட்டிஷ் படை இதனை 1871இல் ஏற்றுக்கொண்டது. ரோர்க்ஸ் டிரிஃப்டைக் காத்த சிப்பாய்களிடம் இருந்ததும் இதுவே.

பெயரில் இருவர் இருக்கிறார்கள். குழலின் பின்பக்கத்தைத் திறந்து மூடும் பொறியை அமைத்தவர் ஃபிரெடரிக் ஃபான் மார்ட்டினி. குழலை வடிவமைத்தவர் எடின்பரோ நகரத்துத் துப்பாக்கித் தொழிலர் அலெக்சாண்டர் ஹென்றி.

பொறி இயங்கும் விதத்தைப் பாருங்கள். குழலின் பின்வாயை ஓர் எஃகுக் கட்டை அடைத்துக்கொண்டிருக்கிறது. விசைக்குப் பின்னால் ஒரு நெம்புகோல் உள்ளது. அதைக் கீழே தள்ளினால் கட்டையின் முன்பக்கம் சரிந்து இறங்குகிறது. குழலின் பின்வாய் திறக்கிறது. உள்ளே இருந்த வெற்றுத் தோட்டாக் கூடு வெளியே தள்ளப்படுகிறது. இறங்கிய கட்டையின் மேற்புறத்தில் தோட்டாவை வைத்துக் கட்டைவிரலால் குழலுக்குள் தள்ளி, நெம்புகோலை மேலே இழுத்தால் வாய் அடைபடுகிறது. இனி விசையை அழுத்த வேண்டியதுதான். ஒருமுறைக்கு ஒரே தோட்டா. தேர்ந்த சிப்பாய் நிமிடத்துக்கு ஏறத்தாழ 12 முறை சுட முடியும்.

தோட்டாவின் உள்ளே 5.5 கிராம் கருமருந்து. குண்டு 31 கிராம் எடையுள்ள ஈயக் குண்டு. குழலின் உள்விட்டம் 0.45 அங்குலம், அதாவது 11.4 மில்லிமீட்டர். குண்டு குழலை விட்டு நொடிக்கு ஏறத்தாழ 410 மீட்டர் வேகத்தில் பாய்கிறது. காற்றில் ஒலியின் வேகத்தைவிட இது அதிகம்.

குழலின் உட்சுவர் வழவழப்பானது அன்று. திருகாணியின் மரையைப் போல 7 பள்ளங்கள் வளைந்து செல்கின்றன. 22 அங்குல நீளத்துக்குள், அதாவது 56 சென்டிமீட்டருக்குள், இம்மரை ஒரு முழுச் சுற்றுச் சுற்றுகிறது. மரையில் பதிந்து வரும் குண்டும் அதற்கேற்பச் சுழல்கிறது. 410ஐ 0.56ஆல் வகுத்துப் பாருங்கள். நொடிக்கு 730க்கு மேற்பட்ட சுற்றுகள்! சுழலும் பம்பரம் சாயாமல் நிற்பது போல, சுழலும் குண்டும் தலைகுப்புறப் புரளாமல் நேரே செல்கிறது. மரையிட்ட குழலையுடைய துப்பாக்கிக்குத்தான் ரைபிள் என்று பெயர்.

தோளில் விழும் அடி

நியூட்டனின் மூன்றாம் விதியைப் பாடத்தில் படித்திருப்பீர்கள். குண்டு முன்னோக்கிப் பாய்ந்தால் துப்பாக்கி பின்னோக்கி உதைக்கும். குண்டின் உந்தம் 0.031 கி.கி. × 410 மீ/நொடி = 12.7 அலகு. துப்பாக்கியின் எடை ஏறத்தாழ 4 கி.கி. எனவே அது நொடிக்கு 3.2 மீட்டர் வேகத்தில் பின்னோக்கி வரும். குண்டோடு வெளியேறும் வாயுவின் உந்தத்தையும் சேர்த்தால் வேகம் இன்னும் கூடும்.

நான்கு கிலோ எடையுள்ள ஒரு பொருள் அந்த வேகத்தில் தோளில் மோதினால் எப்படி இருக்கும்? ஒருமுறை தாங்கலாம். நூறு முறை? அன்றிரவு சுட்டவர்களின் தோள்கள் கன்றி வீங்கிவிட்டன.

படத்தில் நடிகர்களின் தோள் இப்படி அதிர்வதில்லை. காரணம் எளிது. படப்பிடிப்பில் பயன்படுவது வெற்றுத் தோட்டா. அதில் மருந்து உண்டு, குண்டு இல்லை. முன்னே செல்லும் பொருளின் நிறை மிகக் குறைவானதால் பின்னே வரும் உதையும் மிகக் குறைவு. துப்பாக்கி சரியானதாக இருந்தாலும், அதன் நடத்தை திரையில் மாறிவிடுகிறது.

தாளும் பென்சிலும் எடுங்கள்

ரோர்க்ஸ் டிரிஃப்டில் இருந்த தோட்டாக்கள் ஏறத்தாழ 20,000. விடிந்தபோது எஞ்சியவை ஏறத்தாழ 900 மட்டுமே. அப்படியானால் சுடப்பட்டவை 19,000 என்று வைத்துக்கொள்வோம்.

துப்பாக்கி பிடிக்கும் நிலையில் இருந்தவர்கள் 100 பேர் என்று தோராயமாகக் கொண்டால், ஒருவருக்கு 190 தோட்டா. சண்டை 10 மணி நேரம் என்றால் மணிக்கு 19. அதாவது மூன்று நிமிடத்துக்கு ஒருமுறைதான் சராசரி! நிமிடத்துக்கு 12 முறை சுடக்கூடிய துப்பாக்கி, உண்மையில் அவ்வளவு நிதானமாகத்தான் சுட்டிருக்கிறது. சில நிமிடங்கள் சரமாரியாகச் சுட்டார்கள். பிறகு நெடுநேரம் இருட்டை உற்றுப் பார்த்துக்கொண்டு காத்திருந்தார்கள். படமோ பட்டப்பகலில் இடைவிடாமல் சுடுவதைக் காட்டுகிறது.

இன்னொரு கணக்கு. 19,000 தோட்டாக்களில் இருந்த கருமருந்து 19,000 × 5.5 கிராம், ஏறத்தாழ 104 கிலோ. இதில் பாதிக்கு மேல் திண்மப் பொருளாக எஞ்சும் என்று கண்டோம். எனவே 50 கிலோவுக்கு மேற்பட்ட கசடும் புகைத்துகளும் அந்தச் சிறிய நிலையத்துக்குள் உருவாகியிருக்க வேண்டும்! கண் எரிச்சல், தொண்டை வறட்சி, எதிரே வருபவர் தெரியாத நிலை ஆகியவற்றைக் கற்பனை செய்து பாருங்கள். அவ்வளவு புகையைத் திரையில் காட்டினால் நடிகரின் முகமே தெரியாது. ஆகவே எந்த இயக்குநரும் அதை முழுமையாகக் காட்டத் துணிவதில்லை.

மூன்றாவது, வெப்பம். மருந்து எரிவதால் பிறக்கும் ஆற்றல் முழுவதும் குண்டுக்குப் போய்ச் சேர்வதில்லை. கணிசமான பகுதி குழலைச் சூடாக்குகிறது. தொடர்ந்து சுட்டால் குழலை வெறுங்கையால் தொட முடியாது. இதற்காகச் சிப்பாய்கள் பிடிக்குமிடத்தில் தோலைச் சுற்றித் தைத்துக்கொண்டனர்.

வெப்பத்தோடு வேறொரு தொல்லையும் சேர்ந்தது. அக்காலத் தோட்டாவின் கூடு மெல்லிய பித்தளைத் தகட்டைச் சுருட்டிச் செய்தது. அடித்தட்டு மட்டும் இரும்பு. இதனை அமைத்தவர் கர்னல் பாக்சர் என்பவர். குழல் சூடேறிக் கசடும் படிந்தால், மெல்லிய பித்தளைக் கூடு உள்ளே ஒட்டிக்கொள்ளும். வெளியே தள்ளும் பொறி அடித்தட்டை மட்டும் பிய்த்துக்கொண்டு வரும். அப்போது குழலைச் சுத்தம் செய்யும் நீண்ட கம்பியால் குத்தித்தான் கூட்டை வெளியேற்ற வேண்டும். எதிரி பத்தடி தூரத்தில் நிற்கும்போது!

இத்தகைய வேளைகளில் துப்பாக்கியின் முனையில் பொருத்திய குத்துவாளே உயிரைக் காத்தது. பயனட் எனப்படும் இது முக்கோண வடிவமான, அரை மீட்டருக்கும் மேல் நீண்ட எஃகு. துப்பாக்கியோடு சேர்த்தால் ஓர் ஆள் உயர ஈட்டியாகிவிடும். ஜூலு வீரரின் குத்தீட்டியோ குட்டையானது. மூட்டைச் சுவருக்கு இருபுறமும் நின்று இருவரும் போரிட்டபோது இந்த நீள வேறுபாடு பெரிதாக உதவியது. படம் இதை நன்றாகவே காட்டுகிறது.

பின்வரிசைத் துப்பாக்கி

இப்போது அந்தக் குமிழுக்கு வருவோம். பின்வரிசையில் காணப்படுவது லீ-என்ஃபீல்டு வகை ரைபிள். பிரிட்டிஷ் படை இதனை 1895இல்தான் ஏற்றது.

இது நமக்குப் புதிதன்று. .303 என்று சொன்னால் உங்கள் தாத்தாவுக்கு உடனே விளங்கும். பல பத்தாண்டுகள் நம் காவலர்களின் தோளில் தொங்கியது இதே குடும்பத்தைச் சேர்ந்த துப்பாக்கிதான். வங்காளத்தில் உள்ள இஷாப்பூர் தொழிற்சாலையிலும் இது உருவாயிற்று. உத்தரப் பிரதேசக் காவல்துறை 2020இல்தான் இதற்கு விடை கொடுத்தது.

இதன் பொறி வேறு. குமிழை மேலே தூக்கி, பின்னால் இழுத்து, முன்னால் தள்ளி, கீழே இறக்க வேண்டும். விசைக்கு முன்னால் புடைத்துக்கொண்டிருக்கும் பெட்டியில் 10 தோட்டாக்கள் அடங்கும். அவை வில்லின் அழுத்தத்தால் ஒவ்வொன்றாக மேலே வரும். உள்ளே இருப்பது புகையற்ற மருந்து. குண்டு சிறியது, வேகமோ நொடிக்கு 600 மீட்டருக்கும் அதிகம்.

வேகம் கூடினால் என்ன பயன்? இரு துப்பாக்கிகளையும் கிடையாகப் பிடித்து 400 மீட்டர் தொலைவுக்குச் சுடுவோம். காற்றின் தடையைக் கணக்கில் கொள்ளாவிட்டால், மார்ட்டினியின் குண்டு அங்குச் செல்ல ஏறத்தாழ ஒரு நொடி ஆகும். அதற்குள் புவியீர்ப்பினால் 4.7 மீட்டர் கீழே விழுந்துவிடும். நொடிக்கு 620 மீட்டர் வேகமுள்ள குண்டோ 2 மீட்டர்தான் விழும். காற்றின் தடையைச் சேர்த்தால் இரண்டுமே இன்னும் அதிகமாக விழும். ஆகவே மார்ட்டினியைப் பிடித்தவர் தொலைவைச் சரியாக மதிப்பிட்டு, குறியளவியை அதற்கேற்ப உயர்த்தியாக வேண்டும். தொலைவைக் கொஞ்சம் தவறாக மதிப்பிட்டாலும் குண்டு தலைக்கு மேலே போகும், அல்லது காலடி மண்ணில் புதையும்.

இவ்வளவு வேறுபாடுகளையும் அந்தச் சிறு குமிழ் தன்னுள் வைத்திருக்கிறது. அதைக் கண்டதும் புகை இல்லை, கசடு இல்லை, கையிருப்பில் பத்துத் தோட்டா என்று பொருள். 1879இன் சிப்பாய்க்கு இவற்றில் எதுவும் கிடையாது.

அதிகாரியின் இடுப்பில்

சார்டும் பிராம்ஹெட்டும் படத்தில் ஏந்தும் ரிவால்வர் வெப்லி நிறுவனத்தின் ஆறாம் மாதிரி. அது படைக்கு வந்த ஆண்டு 1915! முதல் உலகப் போருக்கு உரிய கருவி, 36 ஆண்டுகள் பின்னால் போய்ச் சண்டையிடுகிறது.

1879இல் படையின் அதிகாரபூர்வமான ரிவால்வர் ஆடம்ஸ் என்பது. அதிகாரிகள் தம் சொந்தப் பணத்தில் பிடித்ததை வாங்கிக்கொள்வதும் உண்டு. ஆடம்ஸ் ரிவால்வரில் வெற்றுக் கூடுகளை ஒவ்வொன்றாகக் குச்சியால் குத்தித் தள்ளி, பக்கத்தில் உள்ள சிறு கதவின் வழியே புதியவற்றை ஒவ்வொன்றாக இட வேண்டும். வெப்லி ஆறாம் மாதிரியோ நடுவில் மடங்கித் திறக்கும். திறக்கும்போதே ஆறு கூடுகளும் ஒருங்கே வெளியே குதிக்கும். ஒருவர் ஆறு முறை சுட்ட பின் எவ்வளவு நேரம் நிராயுதபாணியாக நிற்பார் என்பதில்தான் வேறுபாடு இருக்கிறது.

மலை மேலிருந்து சுட்டது எது?

இதுவரை கண்டவை கருவிகளில் உள்ள தவறுகள். இனிக் காண்பது அவற்றைவிடப் பெரியது. ஏனெனில் இதில் கருவி சரியானது. அதைப் பிடித்த கைதான் தவறு.

நிலையத்துக்குத் தெற்கே ஷியானே என்ற குன்று உண்டு. அங்கிருந்து ஜூலு வீரர்கள் சுட்டார்கள் என்பது வரலாறு. படத்தில் அவர்கள் கையில் இருப்பவை மார்ட்டினி-ஹென்றி ரைபிள்கள். காலையில் இசாண்ட்ல்வானாவில் கைப்பற்றியவை என்று படம் சொல்கிறது.

கேட்பதற்குப் பொருத்தமாகத்தான் இருக்கிறது. இசாண்ட்ல்வானாவில் ஏறத்தாழ ஆயிரம் ரைபிள்கள் ஜூலுக்கள் கைக்குப் போனதும் உண்மை. ஆனால் ரோர்க்ஸ் டிரிஃப்டைத் தாக்கிய படைப்பிரிவுகள் காலைப் போரில் பின்னணிப் படையாக நின்றவை. முக்கியச் சண்டையில் அவை இறங்கவில்லை. முகாமைச் சுற்றி வளைத்துச் சென்று, தப்பி ஓடியவர்களின் வழியை மறித்து, அப்படியே ஆற்றைக் கடந்து வந்தன. கைப்பற்றிய துப்பாக்கிகள் முகாமில் போரிட்டவர்களுக்கே கிடைத்தன.

அப்படியானால் மலை மேலிருந்து சுட்டவை எவை? பெரும்பாலும் பழைய மஸ்கட்டுகள். ஐரோப்பியப் படைகள் புதிய ரைபிளுக்கு மாறியபோது, கழித்துக் கட்டிய பழைய துப்பாக்கிகளை வணிகர்கள் ஆப்பிரிக்காவுக்குக் கொண்டுவந்து விற்றார்கள். அப்படிப் பல்லாயிரம் துப்பாக்கிகள் ஜூலு நாட்டுக்குள் வந்து சேர்ந்திருந்தன.

மஸ்கட்டின் குழல் மரையற்றது. கருமருந்தையும் உருண்டைக் குண்டையும் முன்வாய் வழியே இட்டுக் கம்பியால் கிட்டிக்க வேண்டும். எளிதில் உள்ளே செல்வதற்காகக் குண்டு குழலைவிடச் சற்றுச் சிறியதாக இருக்கும். சுடும்போது அது குழலின் சுவரில் அங்குமிங்கும் மோதிக்கொண்டே வெளியேறும். கடைசி மோதலைப் பொறுத்துக் குண்டு ஏதேனும் ஒரு பக்கம் விலகிப் போகும். நூறு மீட்டருக்கு அப்பால் குறி வைத்தவரைத் தாக்குவது அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது. குன்றிலிருந்து நிலையமோ ஏறத்தாழ 300 மீட்டர். நல்ல மருந்தும் கிடைக்கவில்லை. பயிற்சி தரவும் யாரும் இல்லை.

அவ்வளவு இடர்ப்பாடுகளோடும் அந்தக் குண்டுகள் சிலரைத் தாக்கத்தான் செய்தன. சுவரை நோக்கி நின்றவர்களின் முதுகில் பாய்ந்தன. பிரிட்டிஷ் தரப்பில் இறந்தவர்கள், காயத்தால் பின்னர் மாண்டவர்களையும் சேர்த்து, 17 பேர். ஜூலுக்களின் உடல்கள் 351 என்று சார்டின் அறிக்கை கணக்கிட்டது. காயம்பட்டு அப்பால் மாண்டவர்களும் கொல்லப்பட்டவர்களும் இக்கணக்கில் இல்லை.

இப்போது எண்ணிப் பாருங்கள். அந்தக் குன்றின் மேல் சில நூறு மார்ட்டினி-ஹென்றிகள் இருந்திருந்தால்? 300 மீட்டர் அந்த ரைபிளுக்கு எளிய தொலைவு. உயரத்திலிருந்து, முதுகுகளைக் குறிபார்த்துச் சுட்டிருந்தால், நிலையம் விடியும் வரை நின்றிருக்குமா என்பது ஐயமே. படம் சொல்வதை நம்பினால், நல்ல துப்பாக்கி கையில் இருந்தும் ஜூலுக்களுக்குக் குறிபார்க்கத் தெரியவில்லை என்றுதான் நாம் முடிவு கட்டுவோம். உண்மை என்னவென்றால், அவர்கள் தம் தாத்தா காலத்துத் துப்பாக்கியையும் குட்டை ஈட்டியையும் கொண்டு, மரையிட்ட குழல்களுக்கு எதிரே இரவு முழுவதும் மீண்டும் மீண்டும் வந்தார்கள். தம் நாட்டின் மீது படையெடுத்தவர்களை எதிர்த்து வந்தார்கள். தவறான துப்பாக்கியை அவர்கள் கையில் கொடுத்த படம், தன்னையறியாமல் அந்த வீரத்தின் ஒரு பகுதியைப் பறித்துக்கொண்டது.

'குமிழ் மாறினால் என்ன?' என்று தொடக்கத்தில் கேட்டோமே, அதற்கு இதுதான் விடை. சில தவறுகள் அழகைக் கெடுப்பதோடு நின்றுவிடும். சில தவறுகள் மனிதர்களைப் பற்றிய நம் தீர்ப்பையே மாற்றிவிடும்.

ஏன் இப்படி நேர்கிறது?

படம் எடுத்தவர்களை ஒரேயடியாகக் குறை கூறுவதும் நியாயமன்று. மார்ட்டினி-ஹென்றிக்குப் பதிலாக 1888 முதல் புதிய ரைபிள்கள் வரத் தொடங்கிவிட்டன. படம் எடுத்தபோது அவை அருங்காட்சியகப் பொருள்கள். நூற்றுக்கணக்கான நடிகர்களுக்கு நூற்றுக்கணக்கான பழைய துப்பாக்கிகளுக்கு எங்கே போவது? அதனால் கேமராவுக்கு அருகில் நிற்பவருக்குச் சரியான துப்பாக்கி, தொலைவில் நிற்பவருக்குக் கிடைத்த துப்பாக்கி என்று பங்கிட்டுக்கொள்வது திரைப்படத் துறையின் வழக்கம். பல ஆண்டுகள் கழித்து, 2003இல், நேபாள அரசின் பழைய ஆயுதக் கிடங்கிலிருந்து ஏராளமான மார்ட்டினி-ஹென்றிகள் விலைக்கு வாங்கப்பட்டு வெளிவந்தன. 1964இல் அந்த வசதி இல்லை.

அடுத்த முறை நீங்கள் ஒரு போர்ப் படம் பார்க்கும்போது நான்கு கேள்விகளை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். தோட்டா முன்வாய் வழியே போகிறதா, பின்வாய் வழியேவா? ஒருமுறை நிரப்பினால் எத்தனை முறை வெடிக்கிறது? எவ்வளவு புகை எழுகிறது? இந்த மூன்றுக்கும் விடை கண்டால் துப்பாக்கி எந்தக் காலத்தது என்று சில பத்தாண்டுகளுக்குள் சொல்லிவிடலாம். நான்காவது கேள்விக்கு மட்டும் துப்பாக்கியைப் பார்த்து விடை காண முடியாது. வரலாற்று நூலைத்தான் புரட்ட வேண்டும். அது, 'இந்தத் துப்பாக்கி உண்மையில் யார் கையில் இருந்தது?' என்பது.